புது பாலிசி கைக்கு வரும்வரை பழையதை விடாதே

அமெரிக்காவில் 65 வயதானவர்களுக்கு அரசின் மெடிகேர் இருக்கு. ஆனால் டாக்டர் செலவில் அது பொதுவாக 80 சதவீதம்தான் தரும். மீதி 20 சதவீதத்துக்கு உச்சவரம்பே கிடையாது. அந்த ஓட்டையை அடைக்கத் தனியார் கம்பெனிகள் விற்பதுதான் மெடிகேப் என்கிற துணைக் காப்பீடு.

65 வயதாகி, மெடிகேர் பார்ட் பி-யில் சேர்ந்த முதல் 6 மாதம் எந்த நோய் இருந்தாலும் பாலிசி கொடுத்தே ஆகணும். அதுக்கப்புறம் பெரும்பாலான மாநிலங்களில் உடல்நிலையை விசாரித்து மறுக்கலாம். விண்ணப்பம் இழுப்பது இங்கேதான்: மருந்துப் பட்டியலைச் சரிபார்ப்பது, போனில் கேள்வி கேட்பது என்று நாட்கள் ஓடும்.

காலண்டர் அதுக்காகக் காத்திருக்காது. தனியார் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜிலிருந்து வெளியேற அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை அவகாசம். தனி மருந்துத் திட்டத்தில் சேர்ந்தாலே பெரும்பாலும் அட்வான்டேஜ் தானாக ரத்தாகிவிடும். அவகாசம் முடிந்தபிறகு மெடிகேப் நிராகரிக்கப்பட்டால்? 20 சதவீதமும் அவர் தலையில்.

அதனால் விவரமான ஏஜென்ட் அக்டோபரிலேயே விண்ணப்பிப்பார். மருந்து, டோஸ் எல்லாம் விடாமல் எழுதுவார். ஒப்புதல் எழுத்தில் வந்தபிறகே மருந்துத் திட்டத்தைத் தொடுவார். டிசம்பர் 7 தாண்டியும் பதில் வரலையா? வாடிக்கையாளரை அட்வான்டேஜிலேயே இருக்கச் சொல்வார். ஜனவரி முதல் மார்ச் 31 வரை வெளியேற இன்னொரு வாய்ப்பு உண்டு.

டேட்டாபேஸ்காரர்களுக்குப் பழகிய விதிதான்: புதுசு கமிட் ஆகாமல் பழசை அழிக்கக் கூடாது.