‘அக்கி’ என்னும் பிராகிருதப் பெயர்ச்சொல்: தோற்றமும் வழித்தோன்றல்களும்

தமிழகராதிகள் அக்கினி என்னும் சொல்லை வடசொல் எனச் சுட்டி அமைகின்றன. வடமொழி என்பது சமஸ்கிருதம் ஒன்றே என்று கொள்ளுமிடத்து இச்சுட்டு போதுமானது. பிராகிருதத்தையும் உளப்படுத்தும்போது வினா எழுகிறது. அவ்வினாவிற்கு ‘அக்கி’ என்னும் பிராகிருதப் பெயர் தக்க சான்றாகும். (பிராகிருத வடிவின் ககர இரட்டிப்பு ஒலிப்புடையது, தமிழெழுத்து அதனைக் காட்டாது.)

சமஸ்கிருத ‘அக்நி’ இலத்தீன் ‘இக்னிஸ்’, லித்துவேனிய ‘உக்னிஸ்’ ஆகியவற்றோடு இனமுடையது. வல்லொலியை அடுத்து மூக்கொலி வரின் மூக்கொலி வல்லொலியாகத் திரிந்து இரட்டிப்பது பிராகிருதப் பொதுவிதி. நக்ந ‘நக்க’ என்றும் லக்ந ‘லக்க’ என்றும் ஆனவாறே அக்நி ‘அக்கி’ ஆயிற்று. எனினும் இவ்விதி எங்கும் ஒருபடித்தாக இயங்கவில்லை. அர்த்தமாகதி ‘அகணி’ என இடையில் உயிர் புகுத்தியது. பாலியிலோ அக்கி, அக்கினி, கினி என மூன்று வடிவங்கள் உடன் வழங்கின.

வேற்றுமை உருபேற்பில் இச்சொல் இகர ஈற்று ஆண்பாற் பெயர். எழுவாய் ஒருமை அக்கீ, இரண்டாம் வேற்றுமை அக்கிம், மூன்றாவது அக்கிணா. ஆறாம் வேற்றுமையில் ‘அக்கிணோ’, ‘அக்கிஸ்ஸ’ என இரு வடிவங்கள் உள்ளன. பின்னது அகர ஈற்றுப் பெயர்களை ஒப்புமையாகக் கொண்டு எழுந்தது. ஏழாம் வேற்றுமையில் ‘அக்நௌ’ மறைய, சுட்டுப்பெயர்களினின்று பெற்ற உருபோடு ‘அக்கிம்மி’ தோன்றியது. ‘அக்கிணோ’ எழுவாய்ப் பன்மையாகவும் வருதலின் பொருளை இடம் நோக்கியே துணிதல் வேண்டும்.

வழித்தோன்றல்களுள் பஞ்சாபி ‘அக்’ (agg) என இரட்டிப்பைக் காத்தது. இந்தி, மராத்தி, குஜராத்தி ஆகியன ஒற்றைக் குறைத்து முன்னுயிரை நீட்டி ‘ஆக்’ என்றாக்கின. ஐரோப்பாவிற்குச் சென்ற ரோமானியில் இது ‘யாக்’. இவை யாவும் பெண்பால் என்பது கருதத்தக்கது. இகர ஈற்றுப் பெயர்கள் பெண்பாலாக உணரப்பட்டமையே இதற்குக் காரணமாகலாம். ஈறு மறைந்த பின்னும் பால் நிலைத்தது. சிங்களத்தின் ‘கினி’ பாலியின் மூன்றாம் வடிவோடு ஒத்துச் செல்கிறது.

தமிழுக்கு வருவோம். பத்நீ பத்தினியாகவும் ரத்ந இரத்தினமாகவும் ஆகும் முறைப்படி அக்நி நேரே அக்கினியாதல் இயல்பே. ஆயின் பாலி ‘அக்கினி’யும் அதே வடிவினது ஆதலின், வடிவத்தை மட்டும் கொண்டு வழியைத் துணிய இயலாது. தோல் நோயாகிய ‘அக்கி’யின் நிலை வேறு. குயவர் செங்காவியால் ‘அக்கி எழுதும்’ வழக்கில் வாழும் இச்சொல்லில் னகரத்தின் சுவடே இல்லை; எரிச்சலே அந்நோயின் இயல்பு. ஒலியும் பொருளும் பிராகிருத வழிக்கே பெரிதும் இடம் தருகின்றன. இத்தகைய சொற்களுக்கும் ‘வட.’ என்னும் ஒரே குறிப்பை இடுவது, கடன் நிகழ்ந்த மொழியையும் காலத்தையும் ஒருங்கே மறைத்துவிடுகிறது. தொல்காப்பிய எச்சவியல் சிதைந்த வடிவங்களைத் தனியே எடுத்தோதியதை அகராதித் தொகுப்பாளர் நினைவிற் கொள்ளுதல் நன்று.