பொஸ் தீட்டிய நரகம்

யெரோனிமுஸ் பொஸ் என்னும் ஓவியர் நெதர்லாந்திலுள்ள செர்த்தோகென்பொஸ் நகரில் வாழ்ந்து 1516ஆம் ஆண்டில் மறைந்தவர். குடிப்பெயர் வான் ஆக்கன். ஊர்ப்பெயரே பின்னர் அவர் பெயராயிற்று.

மட்றிட் நகரின் பிறாடோ அரும்பொருளகத்திலுள்ள 'உலக இன்பப் பூங்கா' மூன்று பலகைகளாலாயது. இருபுறப் பலகைகளையும் மூடினால், படைப்பின் மூன்றாம் நாளுலகம் சாம்பல் நிறத்திலே தோன்றும். திறந்தால் இடப்புறம் ஏதேன், நடுவே ஆடையற்ற மாந்தரும், அவரினும் பெரிய பழங்களும் பறவைகளும், வலப்புறம் நரகம். அங்கே இசைக்கருவிகளே வதைக்கருவிகள். யாழ் நரம்புகள் உடலை ஊடுருவ ஒருவன் தொங்குகின்றான். பறவைத்தலைப் பூதமொன்று ஆசனத்தமர்ந்து பாவிகளை விழுங்குகின்றது.

இவற்றைக் கண்டு அவரைப் பதிதரென ஐயுற்றாருமுளர். ஆதாமியர் என்னும் மறைகுழுவுக்காகவே இதனைத் தீட்டினாரென 1947இல் பிராங்கர் என்னும் செருமானிய அறிஞர் எழுதினார். கேட்கச் சுவையான கொள்கைதான், சான்றுதான் இல்லை. தேவமாதா சகோதர சபையின் பதிவேடுகளிலோ பொஸ்சின் பெயர் உளது. கத்தோலிக்கப் பற்றில் கடுமைமிக்க ஸ்பானிய மன்னன் இரண்டாம் பிலிப்பு 1593இல் இவ்வோவியத்தை எஸ்கோரியல் மடத்துக்கு அனுப்பினான். பிறர் மனிதனின் புறத்தைத் தீட்ட, இவரோ அகத்தைத் தீட்டத் துணிந்தாரென அம்மடத்துத் துறவி சிகுவென்சா 1605இல் வாதிட்டார். பதிதர் படைப்பாயின் அதனைத் துறவியர் நாள்தோறும் நோக்கியிருப்பரோ?