எள் கொம்புப் புழுவும் அது பரவியுள்ள தேசங்களும்

எள்ளுக் கொல்லையில் இலைகளைத் தின்று தீர்க்கும் பருத்த புழுவை விவசாயிகள் அறிவர். அதன் வாற்புறத்தில் கொம்பொன்று வளைந்து நிற்பதால் அதற்குக் கொம்புப் புழு என்று பெயர். அக்கொம்பு கொட்டாது; அதில் விஷமும் இல்லை. இப்புழுவே பின்னர், முதுகில் மண்டையோடு போன்ற குறியுடைய பெரிய அந்துப்பூச்சியாகிறது. அக்குறியைக் கண்டு அபசகுனமென அஞ்சுதல் ஆதாரமற்றது. அஞ்சத்தக்கது பயிருக்கு நேரும் சேதமே.

மண்டையோட்டு அந்துப்பூச்சிகள் உலகில் மூவகைப்படும். அட்ரோபோஸ் என்பது ஆப்பிரிக்காவிலும் மத்தியதரைக் கடற்பிரதேசத்திலும் வாழ்வது. கோடையில் வட ஐரோப்பா வரையும் பறந்து செல்லும். லாக்கெசிஸ் என்பது இந்தியா, இலங்கை முதல் இந்தோனேசியத் தீவுகள் வரை உள்ளது. நம் எள்ளுக்குப் பெரிதும் கேடு விளைப்பது ஸ்டிக்ஸ் என்னும் வகை. 1847-ஆம் ஆண்டில் வெஸ்ட்வுட் என்ற ஆங்கிலேய அறிஞர் இதற்கு இப்பெயரை இட்டார். அரேபியா, ஈரான் தொடங்கி, இந்தியா, இலங்கை, மியான்மர், சீனா, ஜப்பான் வரை இது பரவியுள்ளது.

இத்துணை விரிந்த எல்லைக்குக் காரணம் இரண்டு. ஒன்று, இதன் சிறகு வலிமை. மற்றொன்று, இது ஒரே செடியை நம்பி வாழாமை. எள்ளேயன்றி, கத்தரி, அவரை, மல்லிகை, தேக்கு ஆகியவையும் இதற்கு ஆகாரம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் 1990-களின் பிற்பகுதி முதல் தொழிற்சாலைகள் பெருகி விளைநிலம் குறுகிற்று. ஆயினும், நிலம் குறுகியதால் பூச்சியும் ஒழிந்ததென எண்ணலாகாது. புறக்கடைக் கத்தரியும் வேலி அவரையும் உள்ளவரை இதற்கு உணவுண்டு. அங்கு வளர்வது, எஞ்சியுள்ள எள்ளுக் கொல்லைகளை எளிதில் அடையும்.

ஆதலின் ஒருவர் மாத்திரம் முயன்றால் பயன் சிறிது. சங்கத்து அங்கத்தினர் யாவரும் ஒருங்கே முயலுதல் வேண்டும். செடியின்கீழ்ப் பெரிய எச்சங்கள் கிடந்தால், மேலே புழு உண்டென அறிந்து கையால் பொறுக்கி அழிக்கலாம். புழு மண்ணுள் புகுந்தே கூட்டுப்புழுவாகிறது. அறுவடை முடிந்ததும் நிலத்தை ஆழ உழுதால் அவை மேலே வந்து, காக்கை, மைனா முதலிய பறவைகளுக்கு இரையாகும். பூக்கும் பருவத்தில் மருந்து தெளித்தால், எள்ளுப் பூவை நாடும் தேனீக்களும் மடியும்.

தேனீ வளர்ப்போருக்கு ஓர் எச்சரிக்கை: இவ்வந்துப்பூச்சி இரவில் கூட்டினுள் புகுந்து தேனைக் குடிக்கும். பெட்டியின் வாயிலைத் தேனீ மாத்திரம் நுழையுமளவு குறுக்கி வைத்தல் நலம். பணச்செலவின்றிக் கைப்பாடு ஒன்றினாலேயே இவை யாவும் கைகூடும்.