மேடை நடிகருக்கு ஓய்வூதியம் உரிமையா, உதவியா?

மயிலாப்பூர், தியாகராய நகர் சபா மேடைகளில் வளர்ந்த மூத்த நடிகர்களைப் பற்றி எழுதுவோர் அவர்களது கலை ஈடுபாட்டைப் புகழ்வர்; மாதச் சம்பளத்தைக் குறிப்பிட மறப்பர். நாகேஷ் இரயில்வே ஊழியர். அவருக்கு வேடங்கள் எழுதிய கே. பாலசந்தர் ஏஜி அலுவலகத்தில் பணியாற்றியவர். சோ வழக்கறிஞர்; கிரேசி மோகன் பொறியாளர். பகலில் அலுவலகம், மாலையில் ஒத்திகை. நாடகம் தோற்றாலும் முதல் தேதி சம்பளம் வந்தது. இது அவர்களது திறமையைக் குறைத்துவிடாது. ஆனால், அந்த அலுவலக நாற்காலிகள் எந்தச் சாதியினருக்கு எளிதில் கிடைத்தன என்று கேட்காமல் சபா நாடக வரலாறு முழுமை பெறாது.

கம்பெனி நாடகங்களில் வளர்ந்தோர்க்கு மேடையே பிழைப்பு. சிறுவயதிலேயே கம்பெனியில் சேர்ந்த எம்.ஆர். ராதாவும், நாடகத்திலிருந்து வந்து 1958இல் 'மாலையிட்ட மங்கை'யில் அறிமுகமான மனோரமாவும் திரையால் நிலைபெற்றனர். திரை கைகொடுக்காதோர் மேடையிலேயே முதுமை எய்தினர்.

கட்டுப்படுத்தும்போது சட்டம் மேடையை மறக்கவில்லை. ராதாவின் இராமாயண நாடகம் எழுப்பிய கொந்தளிப்பின் பின்னணியில் 1954இல் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் வந்தது. ‘பரீக்‌ஷா’ ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல்தான் அதன் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதவையாக்கியது. ஏறக்குறைய அறுபது ஆண்டுகள்! பாதுகாப்பு என்று வந்தபோதோ, 1981ஆம் ஆண்டின் திரைப்படத் தொழிலாளர் சட்டம் எழுத்துவடிவ ஒப்பந்தத்தையும் வருங்கால வைப்புநிதியையும் திரைப்படத்தோடு நிறுத்திக்கொண்டது.

மேடை நடிகருக்கு எஞ்சுவது, இராஜா அண்ணாமலைபுரத்திலுள்ள இயல் இசை நாடக மன்றத்தின் வழியே வரும் மாதம் 3,000 ரூபாய். அத்திட்டத்தின் பெயரே ‘நலிந்த கலைஞர்’ நிதியுதவி. நாற்பதாண்டு உழைத்தவர் தம்மை உழைப்பாளி என்றன்று, நலிந்தவர் என்று மெய்ப்பிக்க வேண்டும். (நடிகர் சங்கத் தேர்தல் வந்தால் மட்டும் இவர்களது வாக்குகளைத் தேடி அணிகள் மாவட்டம் மாவட்டமாகச் செல்கின்றன.)

நியூயார்க்கின் பிராட்வே நடிகர்களுக்கும் ஓய்வூதியம் தானாக வந்துவிடவில்லை. 1913இல் சங்கம் அமைத்து, 1919இல் வேலைநிறுத்தம் செய்து, 1960இல் அரங்குகள் இருண்ட போராட்டத்துக்குப் பின்னரே தயாரிப்பாளர்கள் பங்கு செலுத்தும் ஓய்வூதிய நிதியைப் பெற்றனர். இங்கும் நல வாரிய உதவித்தொகையோடு கோரிக்கையை நிறுத்திக்கொள்ளலாகாது. சபாவானாலும் ஊர்த் திருவிழாவானாலும், நாடகத்துக்குப் பணம் கொடுத்து அழைப்பவர் எழுத்துவடிவ ஒப்பந்தம் செய்யவும், ஒவ்வொரு நாடகத்துக்கும் நடிகரின் வைப்புநிதியில் பங்கு செலுத்தவும் சட்டம் வேண்டும்.