கைப்பேசியும் பிள்ளைகளின் கவனமும்

முத்துக்குளிப்போன் கடலுள் மூழ்கியிருக்கும்போது, தோணியிலுள்ள துணைவன் கயிற்றின்மீதே கருத்தாயிருப்பான். கீழிருந்து கயிறு அசைந்ததும் இழுத்தாக வேண்டும். தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு முடிந்தது. எனினும், கவனம் பிசகினால் வருவது யாதெனக் கொற்கைக் கரையார்க்கு விளக்க வேண்டுவதில்லை.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடங்கள் கைப்பேசி வழியாகவும், 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி வழியாகவும் வீட்டுக்குள் வந்தன. அது பேருதவியே. ஆனால் ஒரே கைப்பேசியுள்ள வீட்டில், தந்தை அதனை எடுத்துக்கொண்டு வேலைக்குச் சென்றால் பிள்ளையின் பாடமும் உடன் போயிற்று.

பள்ளிகள் திறந்த பின்னரும் அக்கருவி பல வீடுகளில் பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. படிக்கையில் ஒரு மணியோசை. எடுத்துப் பார்ப்பது அரை நிமிடமே. கலைந்த கருத்து மீண்டும் பாடத்திற்குத் திரும்ப 20 நிமிடம் வரை ஆகலாம் என்று யுனெஸ்கோ நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கை கூறுகிறது. நெசவாளர் இதனை எளிதில் உணர்வர். அறுந்த இழையைப் பிணைப்பது சிறு வேலைதான். கையும் காலும் பழைய ஓட்டத்திற்கு வருவதற்கே நேரமாகிறது.

2021 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தில், மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் தன்னார்வலர்கள் பிள்ளைகளின் வசிப்பிடத்தருகிலேயே பாடம் சொன்னார்கள். கருவியால் நிரம்பாத குறையை நிரப்ப ஆளே வேண்டியிருந்தது.

அங்கத்தினர்கள் தத்தம் வீட்டில் மாலை ஒரு மணி நேரம் கைப்பேசியை ஒதுக்கி வைக்கலாம், பெற்றோருடையதையும் சேர்த்தே. வாழைத்தாரின் விலை அதற்குள் மாறிவிடாது.