ரோபோவுக்கு வியர்க்கிறது!

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. வெயில் மண்டையைப் பிளக்கிறது. எனக்கு முன்னால் ஒரு வவ்வால் மனிதன், டிக்கெட் பிரின்ட் அவுட்டால் விசிறிக் கொண்டிருக்கிறான். அவனுக்கு முன்னால் நீல முடியும் ஆளுயர வாளுமாக ஒரு ஜப்பானிய வீராங்கனை. "அம்மா, இன்னும் உள்ளயே விடலம்மா" என்று செல்போனில் சுத்தத் தமிழில் அழுகிறாள். எனக்குப் பக்கத்தில் ஒரு ரோபோ. ரோபோவுக்கு வியர்க்கிறது.

ரோபோ வேறு யாருமில்லை, என் அக்கா மகன். ப்ளஸ் டூ முடித்தவன். மூன்று வாரமாக வீட்டு ஹாலை ஒர்க்‌ஷாப் ஆக்கி, ஃபோம் ஷீட் அறுத்து, பசை ஒட்டி, வெள்ளி பெயின்ட் அடித்துச் செய்த கவசம். துணைக்கு ஒரு அட்டை வாள், ஒரு அட்டைக் கேடயம். "மாமா கூட வந்தாத்தான் அனுப்புவேன்" என்று அக்கா போட்ட கண்டிஷனில் என் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் பலி.

"மாமா, தண்ணி இருக்கா?"

"பாட்டில் உள்ளே கொண்டு வரக் கூடாதுன்னு டிக்கெட்ல போட்டிருந்துதேடா. வீட்லயே வெச்சுட்டேன்."

"நாம இன்னும் உள்ளயே போகலையே மாமா!"

லாஜிக் சரிதான்.

முப்பதைத் தாண்டிய என் ஜாதிக்காரர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இது கேமிங், காஸ்ப்ளே கண்காட்சி. காஸ்ப்ளே என்றால் பிடித்த சினிமா, காமிக்ஸ், வீடியோ கேம் பாத்திரம் மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு வருவது. ஸ்கூல் மாறுவேடப் போட்டியில் நாமெல்லாம் மீசை வரைந்து பாரதியார் ஆனோமே, அதன் படித்த அண்ணன். ரொம்பப் புதுசும் இல்லை. 1939லேயே நியூயார்க்கில் நடந்த அறிவியல் கதை ரசிகர்கள் மாநாட்டுக்கு இரண்டு பேர் எதிர்கால உடையில் வந்து நின்றிருக்கிறார்கள்.

இந்தக் கண்காட்சி எந்த ஊர், யார் நடத்தியது என்று மட்டும் கேட்காதீர்கள். கோர்ட் வாசலில் இன்னொரு கியூ நிற்க எனக்குத் தெம்பில்லை.

மூன்று வாசலில் ஒன்றுதான் திறந்திருந்தது. அங்கே இரண்டு பையன்கள் செல்போனை நீட்டி டிக்கெட்டைப் படித்துக் கொண்டிருந்தார்கள். அதில் ஒரு போன் அடிக்கடி ஹேங் ஆனது. ஆன்லைன் டிக்கெட்டுக்கு ஒரு வரிசை, கையில் காசு கொடுத்து வாங்குபவர்களுக்கு இன்னொன்று என்று எங்கேயோ முடிவெடுத்திருந்தார்கள். அந்த முடிவை வரிசைக்குச் சொல்லவில்லை.

"ப்ரோ, இது எந்த லைன்?"

"தெரியல ப்ரோ. முன்னாடி ஒருத்தர் நின்னாரு, நானும் நின்னேன்."

அரை மணி கழித்து டி-ஷர்ட் போட்ட தொண்டர் ஒருவர் ஓடி வந்தார். "ஆன்லைன் டிக்கெட் எல்லாம் அந்தப் பக்கம்!" அவ்வளவுதான். அத்தனை பேரும் ஓடினார்கள். முழங்காலில் கவசம் கட்டிய ரோபோவால் ஓட முடியுமா? நாற்பதாவது ஆளாக நின்ற நாங்கள் எங்கோ கடைசிக்குப் போனோம். ஒரு தேவதையின் இறக்கை முறிந்தது. தள்ளுமுள்ளில் யாருடைய முழங்கையோ பட்டு ரோபோவின் நெஞ்சில் ஒரு விரிசல். பயல் ஒன்றும் சொல்லவில்லை. விரிசலைக் கையால் மூடிக்கொண்டான். எனக்குத்தான் தாங்கவில்லை.

வாசல் கணக்கு

அடியேன் பி.காம். வரிசையில் நின்றால் கணக்குப் போடுவது வியாதி.

ஐயாயிரம் டிக்கெட் விற்றதாக வைத்துக் கொள்வோம். டிக்கெட்டைக் காட்டி, பையைத் திறந்து, மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு ஒரு ஆள் உள்ளே போக 20 விநாடி. ஆக, ஒரு மேஜையில் நிமிஷத்துக்கு 3 பேர். இரண்டு மேஜை என்றால் மணிக்கு 360 பேர். ஐயாயிரம் பேரும் உள்ளே போக? கிட்டத்தட்ட 14 மணி நேரம்! காலை 10 மணிக்குத் திறந்து ராத்திரி 8 மணிக்கு மூடினால், விளக்கை அணைக்கும்போது 1,400 பேர் இன்னும் தெருவில் நிற்பார்கள்.

அதே கூட்டத்தை இரண்டு மணி நேரத்தில் உள்ளே அனுப்ப 14 மேஜை போட்டால் போதும். ராக்கெட் சயின்ஸ் இல்லை சார், எட்டாம் கிளாஸ் வகுத்தல். டிக்கெட் விற்ற வரவைப் பத்து தடவை எண்ணிப் பார்க்கிறவர்கள் வாசல் கணக்கை ஒரு தடவைகூடப் போடுவதில்லை. அப்புறம் மைக்கில், "கூட்டம் ஒத்துழைக்கவில்லை!"

பெரிய இடத்துக் கோட்டை

நம்ம ஊரில்தான் இப்படி என்று நினைத்தால், அமெரிக்காக்காரன் நமக்கு அண்ணன்.

2017 ஜூலை 22. சிகாகோ கிரான்ட் பார்க். 'போக்கிமான் கோ' விளையாட்டின் முதல் பிறந்த நாளை ஒட்டி, நயான்டிக் கம்பெனி நடத்திய திருவிழா. டிக்கெட் 20 டாலர். சுமார் 20,000 பேர் வந்தார்கள். பிளேன் பிடித்து வந்தவர்களும் உண்டு. உள்ளே நுழையவே மணிக்கணக்கில் கியூ. சரி, உள்ளே போய் விளையாடலாம் என்றால் செல்போனில் சிக்னல் இல்லை! இருபதாயிரம் போன் ஒரே மைதானத்தில் ஒரே நேரத்தில் இழுத்தால் டவர் என்ன செய்யும்? போன் இல்லாமல் விளையாட முடியாத விளையாட்டுக்கு விழா எடுத்தவர்கள் போனை மறந்தார்கள். மேடையேறிய தலைமை அதிகாரிக்கு 'பூ... பூ...' என்று கூச்சல் அர்ச்சனை.

டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். விளையாட்டுக்குள் செலவு செய்ய 100 டாலர் மதிப்புள்ள காசும் கொடுத்தார்கள். அதற்கப்புறமும் வழக்கு வந்து, பயணச் செலவு வகையில் 15 லட்சம் டாலருக்கு மேல் சமரசம் பேச வேண்டியிருந்தது. ஆனால் ஒன்று, பாடம் படித்தார்கள். 2018ல் அதே சிகாகோவில் வேறு பூங்கா. இரண்டு நாளாகப் பிரித்து, ஒரே இடத்தில் குவிக்காமல் சுமார் மூன்று கிலோமீட்டர் நடைபாதையில் கூட்டத்தைப் பரப்பி விட்டார்கள். விழா அமைதியாக நடந்தது. அதே விளையாட்டு, அதே ரசிகர்கள். மாறியது திட்டம் மட்டும்.

இன்னொரு கூத்து, 2014 ஜூலையில் சிகாகோ பக்கத்தில் ஷாம்பர்க் என்ற ஊரில் நடந்த 'டாஷ்கான்'. முதல் நாள் ராத்திரியே அமைப்பாளர்கள் மேடையேறி, "உடனே 17,000 டாலர் வேண்டும், இல்லாவிட்டால் ஹோட்டல்காரர் நம்மை வெளியேற்றி விடுவார்" என்று டிக்கெட் வாங்கி வந்த ரசிகர்களிடமே வசூல் நடத்தினார்கள். பாவம், பிள்ளைகளும் கொடுத்தார்கள். பேசின காசு வராததால் முக்கிய விருந்தினர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். அவர்களுக்காகக் காசு கட்டி சீட் ரிசர்வ் செய்தவர்களுக்கு என்ன நஷ்ட ஈடு தெரியுமா? குழந்தைகள் குதித்து விளையாட பிளாஸ்டிக் பந்து நிரப்பிய தொட்டி ஒன்று அங்கே இருந்தது. அதில் ஒரு மணி நேரம் எக்ஸ்ட்ரா!

அட்டை செய்த அதிசயம்

நம் வரிசைக்கு வருவோம். பதினொன்றரை மணி. ரோபோ திடீரென்று கேடயத்தைத் திருப்பினான். பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதினான்: 'ஆன்லைன் டிக்கெட் வரிசை இங்கே முடிகிறது.'

நேராக வரிசையின் வாலுக்குப் போய், கடைசி ஆள் கையில் கொடுத்தான். "அண்ணா, அடுத்து யாராச்சும் வந்தா அவங்க கைல குடுத்துடுங்க."

நம்புங்கள், வேலை செய்தது. புதிதாக வந்தவர்கள் அட்டையைப் படித்தார்கள், கையில் வாங்கிக்கொண்டார்கள், நின்றார்கள். "இது எந்த லைன்?" என்ற கேள்வி ஓய்ந்தது. நடுவில் சொருகப் பார்த்த இரண்டு பேர் அட்டையைப் பார்த்துவிட்டு அசடு வழிந்தபடி பின்னால் போனார்கள்.

"எங்கடா கத்துக்கிட்டே?"

"ஜப்பான்ல இப்படித்தான் மாமா."

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். டோக்கியோவில் 'காமிகெட்' என்று ஒரு காமிக்ஸ் சந்தை. 1975 டிசம்பரில் 32 குழுக்கள், சுமார் 700 பேருடன் தொடங்கியது. 2019 டிசம்பரில் நாலு நாளில் வந்தவர்கள் ஏழரை லட்சம் பேர்! 1996லிருந்து டோக்கியோ பிக் சைட் என்ற பிரமாண்ட வளாகத்தில்தான் வழக்கமாக நடக்கிறது. வரிசையைப் பார்த்துக்கொள்பவர்கள் ஆயிரக்கணக்கான தொண்டர்கள். சம்பளம் கிடையாது.

ஸ்டாலுக்கு முன்னால் 'வரிசையின் கடைசி' என்ற அட்டையை, நிஜமாகவே கடைசியில் நிற்கும் ரசிகர்தான் பிடித்திருப்பார். அடுத்தவர் வந்ததும் கை மாறும். வெளியே உள்ள பெரிய கூட்டத்தைச் சின்னச் சின்ன கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமாக நடத்திக் கூட்டிப் போவார்கள். ஓடக் கூடாது. முதல் நாள் ராத்திரியே வந்து படுக்கக் கூடாது. வேஷம் கட்டிக்கொண்டு வீட்டிலிருந்தே கிளம்பவும் கூடாது. அங்கேயே உடை மாற்ற இடம் உண்டு. எந்தச் சாமானைக் கொண்டு வரலாம் என்பதற்கு முன்கூட்டியே விதி உண்டு.

இதற்கெல்லாம் அடிப்படை ஒரே ஒரு எண்ணம். அங்கே 'வாடிக்கையாளர்' என்று யாரும் இல்லையாம். விற்பவர், வாங்குபவர், தொண்டர் எல்லோருமே பங்கேற்பாளர்கள். கூட்டத்தை ஆட்டு மந்தையாக நினைக்காமல் கையில் அட்டையைக் கொடுத்து நம்பினால், கூட்டம் தன்னைத்தானே பார்த்துக்கொள்கிறது.

ஜப்பான் வரை எதற்கு? திருப்பதியில் நின்றதில்லையா நாம்? உட்கார இடம், குடிக்கப் பால், நேரம் போட்ட டோக்கன். பெருமாளுக்குத் தெரிந்தது ஈவென்ட் மேனேஜர்களுக்குத் தெரியவில்லை.

சிரிப்பு நிற்கும் இடம்

இது வெறும் கால் வலி சமாசாரம் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். 2012ல் அமெரிக்காவின் புகழ்பெற்ற சான் டியகோ காமிக்-கான் தொடங்குவதற்கு முன்பே, வெளியே வரிசையில் காத்திருந்த ஒரு ரசிகை, சாலையைக் கடந்தபோது கார் மோதி இறந்துபோனார்.

2022 அக்டோபர் 29. தென்கொரியத் தலைநகர் சியோலில் இதேவொன் என்ற இடம். ஹாலோவீனுக்கு முந்தைய சனிக்கிழமை ராத்திரி. கண்காட்சி இல்லைதான். ஆனால் வந்தவர்களில் நிறையப் பேர் இதே வயசு, இதே மாதிரி வேஷம். மூன்று மீட்டர் சொச்சமே அகலமுள்ள ஒரு சரிவான சந்தில் இரண்டு பக்கமிருந்தும் கூட்டம் நுழைந்தது. 159 உயிர்கள் போயின. "நெரிசலாக இருக்கிறது, ஆபத்து" என்று போலீசுக்கு முதல் போன் போனது மாலை 6.34க்கு. விபரீதம் நடந்தது இரவு பத்தேகாலுக்கு மேல். நடுவில் மூன்றரை மணி நேரத்துக்கும் அதிகம்!

இதில் பலரும் தப்பாக நினைக்கும் விஷயம் ஒன்று. நெரிசலில் எல்லோரும் மிதிபட்டுச் சாவதில்லை. ஒரு சதுர மீட்டரில் ஐந்து, ஆறு பேரைத் தாண்டினால் கூட்டம் தண்ணீர் மாதிரி அலையடிக்கத் தொடங்கும். நாம் நினைத்த பக்கம் நகர முடியாது. நெஞ்சு விரிய இடமில்லாமல், நின்ற நிலையிலேயே மூச்சு முட்டும். அப்போது "பொறுமையாக இருங்கள்" என்று மைக்கில் கத்திப் பிரயோஜனமில்லை. பின்னால் தள்ளுகிறவனுக்கு முன்னால் நடப்பது தெரியாது.

அதனால் அடுத்த முறை டிக்கெட் வாங்குமுன் நாலு கேள்வி கேளுங்கள். எத்தனை டிக்கெட் விற்கிறார்கள், எத்தனை வாசல்? நுழைய நேரம் போட்டிருக்கிறார்களா? நிற்கும் இடத்தில் நிழலும் தண்ணீரும் உண்டா? ஏதாவது ஆனால் வெளியேறும் வழி எது? பதில் இல்லையா, வீட்டிலேயே விளையாடுங்கள். காசு மிச்சம்.

நாங்கள் உள்ளே நுழைந்தது பன்னிரண்டே முக்கால். வாசலில் செக்யூரிட்டி அட்டை வாளைப் பிடுங்கினார்.

"ஆயுதம் உள்ளே நாட் அலவ்டு."

"அங்கிள், இது அட்டை!"

"அதான் சொல்றேனே தம்பி, ஆயுதம்."

டோக்கன் கிடையாது. ஒரு மூலையில் குவிந்திருந்த வாள், கோடரி, மந்திரக்கோல்களோடு அதுவும் போய் விழுந்தது. சாயங்காலம் திரும்பி வந்தபோது குவியலையே காணோம்.

பஸ்ஸில் வரும்போது மெதுவாகக் கேட்டேன். "அடுத்த வருஷமும் வரணுமாடா?"

விரிசல் விட்ட நெஞ்சைத் தடவிக்கொண்டே யோசித்தான்.

"வரலாம் மாமா. ஆனா வாள் வேணாம். ரெண்டு அட்டை எடுத்துட்டு வரலாம்."