மெரினாவில் கூடக்கூடாது, அப்போ எங்கே கூடுவது?

சென்னையில் ஆர்ப்பாட்டம் நடத்த வேண்டுமா? 5 நாள் முன்னதாகவே போலீசுக்கு மனு கொடுத்தாக வேண்டும். மாநகரப் போலீஸ் சட்டம் 41-வது பிரிவு அப்படி. வெள்ளைக்காரன் 1888-ல் போட்ட சட்டம்!

மனு கொடுத்தாலும் கேட்ட இடம் கிடைக்காது. வள்ளுவர் கோட்டம், எழும்பூர் ராஜரத்தினம் ஸ்டேடியம் என்று போலீசார் கைகாட்டுவார்கள். மெரினாவா? மூச்!

அதே திருவல்லிக்கேணி கடற்கரையில்தான் 1923 மே 1-ந்தேதி சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார். இந்தியாவுக்கே அதுதான் முதல் மே தினம். இப்போது அங்கே உழைப்பாளர் சிலை நிற்கிறது. சிலை நிற்கலாம். உழைப்பாளி நின்று கோஷம் போடத்தான் தடை!

2017 ஜனவரி 17-ந்தேதி ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் கூடியதும் இங்கேதான். விடிய விடிய மணலிலேயே கிடந்தார்கள். நாளுக்கு நாள் கூட்டம் பெருகியது. கோட்டை அசைந்தது. 21-ந்தேதி அவசரச் சட்டம் வந்தது. 23-ந்தேதி காலை போலீசார் கூட்டத்தைக் கலைத்தனர். தடியடி, கல்வீச்சு. ஐஸ் அவுஸ் போலீஸ் நிலையத்தில் தீ. நடுக்குப்பம் மீன் மார்க்கெட்டும் எரிந்து போச்சு. அன்று மாலையே சட்டசபையில் மசோதா நிறைவேறியது. 2023 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டும் அந்தச் சட்டம் செல்லும் என்றது.

அதோடு கடற்கரைக்குப் பூட்டு விழுந்தது. 2018-ல் விவசாயிகள் உண்ணாவிரதம் இருக்க இடம் கேட்டபோது, ஒரு நாள் மட்டும் தனி நீதிபதி அனுமதித்தார். அரசு அப்பீல் போனது. அந்த ஒரு நாளும் ரத்து!

பஸ்சில் மாட்டிக்கொண்ட குமாஸ்தா திட்டத்தான் செய்வார். ஷட்டரை இறக்கினால் கடைக்காரருக்கு அன்றைய வியாபாரம் போச்சு. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பொதுவழியை மறித்துக் காலவரையின்றி உட்காரக்கூடாது என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டே சொன்னது. ஆனால் அதே கோர்ட்டு 1972-லேயே இன்னொன்றும் சொல்லியிருக்கிறது: தெருவில் கூட்டம் போடுவதைப் போலீஸ் ஒழுங்குபடுத்தலாம், அடியோடு தடுக்க முடியாது. இதை யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

2025 ஆகஸ்டில் துப்புரவுத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். குப்பை அள்ளும் வேலையைத் தனியாரிடம் கொடுக்காதே என்பது கோரிக்கை. நடைபாதையைக் காலி செய்ய ஐகோர்ட்டு உத்தரவிட்டது. 13-ந்தேதி நள்ளிரவில் போலீசார் வந்து வேன்களில் ஏற்றினார்கள். அனுமதி வாங்கி, ஒதுக்கிய இடத்தில் போராடலாமாம். கார்ப்பரேஷன் கமிஷனர் இருப்பது ரிப்பன் மாளிகையில். வள்ளுவர் கோட்டத்தில் போடும் கோஷம் அவர் காதில் விழுமா?